வண்டி நின்னா வட்டி போடும்

ஒரு மாசமா ஊருக்குள்ள யாரைப் பார்த்தாலும் கேக்குற கேள்வி ஒண்ணுதான். "குட்டி யானை எடுக்கப் போறீங்களாமே?" டீக்கடையில பேசினது சொசைட்டி வரைக்கும் போயிருச்சு. எடுக்கலைங்க. ஆனா எடுக்கலாமா வேண்டாமான்னு மார்கழி முழுக்க மண்டையக் குடைஞ்சது நெசம். அந்தக் குடைச்சல்ல போட்ட கணக்கையும் தெரிஞ்சுக்கிட்ட விவரத்தையும் எழுதி வச்சா, பழைய வண்டி வாங்கலாம்னு நினைக்கிற நம்மள மாதிரி நாலு பேருக்கு உதவும்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல நம்ம நிலவரம். தோட்டம் ஒட்டன்சத்திரத்துல இருந்து 22 கிலோமீட்டர். அஞ்சு ஏக்கர், ஒரு கிணறு, ஒரு போர். ஒன்றரை ஏக்கர் செடிமுருங்கை, ஒரு ஏக்கர் தக்காளி, ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம். மீதியில மாட்டுக்குச் சோளத்தட்டு, கொஞ்சம் சும்மாவும் கிடக்கும். விளையறது எல்லாமே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத்தான் போகும். அங்க வர்ற காயில பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறுது. வெளியூர் வியாபாரி தனக்கு வேணுங்கிறதை எடுத்து முடிக்கறதுக்குள்ள நம்ம பெட்டி அங்க போய் இறங்கணும். பிந்தினா விலை இறங்கிரும். பத்து வருஷம் மார்க்கெட்டுக்கு நடந்தவங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்க பக்கத்துல வாடகைக்கு ஓடுறது ஒரே ஒரு குட்டி யானைதான். ஓட்டுறவர் நம்மளவிட வயசுல சின்னவர், "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவார். நானும் தம்பின்னே எழுதறேன். ஏழு தோட்டத்துக் காயைச் சுத்தி எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுல இறக்கறதுதான் அவர் வேலை. தக்காளிப் பெட்டிக்கு 15 ரூபாய், முருங்கைக் கட்டுக்கு 40, வெங்காய மூட்டைக்கு 35. முழு வண்டியா எடுத்தா நடைக்கு 1,100.

போன ஐப்பசியில நடந்ததுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். 46 பெட்டி தக்காளி பறிச்சு, தரம் பிரிச்சு, வேப்ப மரத்தடியில அடுக்கி வச்சுட்டுக் காத்திருக்கோம். வண்டி வரல. முந்தின நாள் மழைக்கு மேக்குத் தோட்டத்து இட்டேரியில பொதைஞ்சு போய், டிராக்டர் வச்சு இழுத்து, நம்ம தோட்டத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் தாமதம். நேரத்துக்குப் போன பக்கத்து ஊர்க்காரர் தக்காளி பெட்டி 310-க்குப் போச்சு. நமக்கு 190. 14 கிலோ பெட்டிக்கு 120 ரூபாய் வித்தியாசம். 46 பெட்டிக்கு 5,520 ரூபாய். தம்பியைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? மழையையும் சேத்துல்ல சொல்லணும். ஆனா அன்னைக்கி ராத்திரி தூக்கம் வரல. நமக்குன்னு ஒரு வண்டி இருந்திருந்தாங்கற எண்ணம் அப்பத்தான் உள்ள பூந்துச்சு.

இந்த எண்ணத்துல இருக்கறப்பதான் தாராபுரத்துல இருந்து மச்சினன் போன் பண்ணினான். "மாமா, ஒரு குட்டி யானை விலைக்கு வருது. 2014 மாடல், ஒரே ஓனர். ரெண்டு லட்சம் சொல்றாங்க. ஒண்ணு தொண்ணூறுக்கு முடிச்சரலாம்."

குட்டி யானைன்னா தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. டாடா ஏஸ் 2005-ல வந்தது. ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் லோடு. இட்டேரிக்குள்ளயும் நுழையும், டவுன் சந்துக்குள்ளயும் திரும்பும். அதுக்கப்புறம் 2011-ல அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, ஒண்ணேகால் டன் தாங்கும். பொலிரோ பிக்கப் அதைவிடத் தெம்பு. ஆனா நம்ம மாதிரி 40, 50 பெட்டிக்காரனுக்குக் குட்டி யானையே போதும். 50 பெட்டி 700 கிலோதானே.

தெரிஞ்ச மெக்கானிக் தம்பி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் வண்டி பார்த்த விதத்தை அப்படியே சொல்றேன், உங்களுக்கும் ஆகும்.

போனதும் பெயிண்ட்டையோ டயரையோ பார்க்கல. சீட்டைத் தூக்கி இன்ஜின் மேல கையை வச்சார். "சில்லுனு இருக்குதுங்ணா, நல்லது" அப்படின்னார். சூடா இருந்தா நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தமாம். ஆறின இன்ஜின் ஒரே சாவியில பிடிக்குதா, பிடிச்சதும் என்ன நிறத்துல புகை வருதுங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு. நீலப் புகை வந்துக்கிட்டே இருந்தா ஆயில் எரியுது. கரும்புகைன்னா ஏர் பில்டர், டீசல் பம்பு பக்கம் பார்க்கணும். ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பார்த்தார். அது வழியாப் புகை குபுகுபுன்னு தள்ளினா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். இதுல லேசாத்தான் இருந்துச்சு.

அடுத்தது, சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துட்டார், கையில செல்போன் லைட்டு. பின்னாடி பட்டையில கூடுதலா ரெண்டு பட்டை சேர்த்திருந்தாங்க. "முக்கால் டன் வண்டிக்கு ஒன்றரை டன் ஏத்தியிருக்காங்கண்ணா" அப்படின்னார். சேஸிஸ்ல ஒரு எடத்துல வெல்டிங் வச்சு, அது மேல கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தது. தொட்டியில விரிச்சிருந்த ரப்பர் ஷீட்டைத் தூக்கினா அடியில தகரம் அப்பளமா உதிருது. உரமும் எருவும் ஏத்தி, கழுவாம விட்ட தொட்டி அப்படித்தான் போகும்.

மீட்டர்ல 84,000 கிலோமீட்டர் காட்டிச்சு. மெக்கானிக் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கிளச் பெடலைக் காட்டினார். ரப்பர் முழுக்கத் தேஞ்சு இரும்பு வழவழன்னு தெரியுது. "மீட்டர் ஒயரைக் கழட்டி விடலாம். பெடல் ரப்பர் பொய் சொல்லாதுங்ணா."

கடைசியா ஒண்ணு செஞ்சார். பக்கத்துத் தீவனக் கடையில கேட்டுப் பத்து மூட்டையை ஏத்தி, மேட்டுல ஓட்டிப் பார்த்தார். காலி வண்டி எல்லாமே நல்லாத்தான் ஓடும். லோடோட மேடேறும்போது கிளச் நழுவுதா, இன்ஜின் சூடாகுதா, நடு மேட்டுல நிறுத்தி எடுத்தா எடுக்குதான்னு பார்க்கணும். வண்டி எடுத்துச்சு. சேஸிஸ் வெல்டிங்கைச் சரியா செஞ்சு, தொட்டி மாத்தி, பட்டையை ஒழுங்கு பண்ணினா இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்ன்னு சொன்னார். ஆக வண்டி மோசமில்லை.

அடுத்தது காகிதம். இதுல நம்ம ஜனங்க ரொம்ப அலட்சியம். எம்-பரிவாஹன் செயலியில வண்டி நம்பரைப் போட்டா ஓனர் எத்தனாவது, எப்.சி. எது வரைக்கும், இன்சூரன்ஸ் எது வரைக்கும், பைனான்ஸ் பேர் இருக்கான்னு காட்டிரும். அந்தச் செயலியில இந்த வண்டி மேல எச்.பி. அப்படியே நிக்குது. கடனைக் கட்டி ஆறு வருஷமாச்சாம், ஆனா ஆர்.சி.யில பைனான்ஸ் பேரை எடுக்கல. அதை எடுக்காம நம்ம பேருக்கு மாறாது. பைனான்ஸ்காரங்ககிட்ட என்.ஓ.சி.யும் 35-ஆம் நம்பர் படிவமும் கையெழுத்தோட வாங்கித் தரச் சொல்லணும். அது கையில வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பேர் மாத்த 29, 30 படிவம். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் வண்டியில பார்த்து ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க.

"பேரு அப்புறம் மாத்திக்கலாம்ப்பா"ன்னு விக்கிறவர் சொன்னா, அது நம்மளைவிட அவருக்குத்தான் ஆபத்து. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தா பொறுப்பும் அவருக்குத்தான்னு 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வித்து அஞ்சு வருஷம் ஆனவர் கோர்ட்டுக்கு அலையறதை நம்ம பக்கத்துலயே பார்க்கலாம். வாங்குறவர் இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள்ள தன் பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு எப்.சி. வருஷா வருஷம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. இது 2014 மாடல், அதனால வருஷம் ஒரு தடவை டிங்கரிங், பெயிண்ட், பிரேக் எல்லாம் பார்த்தாகணும்.

லைசென்ஸ் பத்தி நிறையப் பேருக்குச் சந்தேகம் இருக்கு. கார் ஓட்டுற லைசென்ஸே போதும். ஏழரை டன்னுக்குக் கீழ உள்ள சரக்கு வண்டியை அதை வச்சு ஓட்டலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி அமர்வும் உறுதி பண்ணிருச்சு. மொத்த எடை மூணு டன்னுக்குள்ள இருக்கறதால பர்மிட்டும் வேண்டியதில்லை. இன்னொண்ணு, பழனிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போகலாம்னு ஆசைப்பட்டு வாங்காதீங்க. சரக்கு வண்டியில ஆள் ஏத்தக் கூடாது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல இருந்து ஒத்தை ரூபாய் வராது.

சரி, இனி கணக்கு. நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தினசரி காலண்டர் தாள்ல அன்னைக்கி என்ன போச்சு, என்ன வந்துச்சுன்னு கிறுக்கி வைப்பேன். வருஷம் முடிஞ்சா கட்டா கட்டி எரவாணத்துல சொருகி வச்சிருவேன். போன வருஷக் கட்டைப் பிரிச்சு உக்காந்தேன்.

தக்காளி போனது 28 நாள், 980 பெட்டி. வாடகை 14,700. முருங்கை 34 நாள், 136 கட்டு. வாடகை 5,440. வெங்காயம் பட்டறையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா 12 நாள், 90 மூட்டை. வாடகை 3,150. உரம், நாத்து, புண்ணாக்கு கொண்டு வந்த வாடகை 7,800. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 31,090 ரூபாய்.

இப்ப சொந்த வண்டின்னா? விலை 1,90,000. சீட்டு எடுத்தா ஒரு லட்சம் வரும். மீதி 90,000-க்கு வீட்டுக்காரம்மா சங்கிலியை அடகு வைக்கணும். பேங்குல நூத்துக்கு 9 வட்டின்னா வருஷத்துக்கு 8,100. மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டாலே வரியோட 18,000. எப்.சி. வேலைக்கு 15,000. டயர், பேட்டரி, ஆயில், ரிப்பேர்னு 15,000. போக வர 44 கிலோமீட்டருக்கு மூணு லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய். 74 நாள் மார்க்கெட்டுக்கும் உரம் எடுக்கப் போறதுக்கும் சேர்த்து 22,000. மூணு வருஷம் கழிச்சு வித்தா 1,30,000 தேறும்னு வைங்க, வருஷத்துக்கு 20,000 தேய்மானம். மொத்தம் 98,100. ஓட்டுற எனக்குக் கூலி போடலை.

வித்தியாசம் 67,010 ரூபாய். சரி, நேரத்துக்குப் போனா விலை கூடக் கிடைக்குமே, அதுல சரிக்கட்டிரலாமேன்னு மனசு சொல்லுச்சு. அதையும் போட்டுப் பார்த்தேன். 67,010-ஐ 980 பெட்டியால வகுத்தா 68 ரூபாய். போன வருஷம் போன ஒவ்வொரு பெட்டிக்கும் 68 ரூபாய் கூட வரணும். ஐப்பசியில ஒரு நாள் 120 ரூபாய் போச்சு, நெசந்தான். ஆனா பெட்டியே 150-க்கு வித்த நாள் எத்தனை? அன்னைக்கெல்லாம் முந்திப் போனவனுக்கும் அதே 150-தான்.

அப்ப வெளி வாடகைக்கு ஓட்டுனா? டீசல் போக நடைக்கு ஒரு 500 நிக்கும். 134 நடை ஓட்டினாத்தான் கட்டும். நம்ம காய் போற நாள் 74. இன்னொரு 134 நாள் அடுத்தவங்களுக்கு ஓட்டணும். அப்படின்னா வருஷத்துல 208 நாள் நான் டிரைவர். தோட்டம் யாருக்கு?

எங்க அய்யனுக்கு 81 வயசு. திண்ணையில உக்காந்து இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தார். அந்தக் காலத்துல மொட்டை வண்டியும் ஒரு ஜோடி மாடும் வச்சு ராத்திரியோட ராத்திரியா மூட்டை கொண்டு போனவர். பைக்குள்ள இருந்து வெத்தலையை எடுத்துக்கிட்டே சொன்னார்:

"மாடு சும்மா நின்னாலும் சாணி போடும். உன் வண்டி சும்மா நின்னா வட்டிதான் போடும்."

நான் போட்ட ஒரு பக்கக் கணக்கு அவர் சொன்ன ரெண்டு வரியில முடிஞ்சு போச்சு. வண்டி நல்லதா, விலை நியாயமாங்கறதெல்லாம் அப்புறம். அது ஓடுற நாள் எத்தனை, நிக்கிற நாள் எத்தனை? நம்ம வீட்டுல 74 நாள் ஓடும், 291 நாள் நிக்கும். அந்த 74-லயும் வண்டி நிறையப் போனது, காலண்டர்ல எண்ணிப் பார்த்தேன், 11 நாள்தான்.

வீட்டுக்காரம்மா அடகுக்குச் சம்மதிச்சாங்க. அதுவே எனக்குக் கொஞ்சம் தொந்தரவாத்தான் இருந்துச்சு. "சங்கிலி கெடக்குது, மீட்டுக்கலாம். நீங்க வண்டியில போயிட்டா கரண்டு வர்ற நேரத்துக்கு மோட்டார் போட்டு வால்வு மாத்தறது யாரு? அதை மட்டும் சொல்லுங்க." ரெண்டு கறவை மாடு, அய்யன், சமையல், பறிப்பு ஆளுகளுக்குக் காபி தண்ணி எல்லாம் ஏற்கெனவே அவங்க தலையிலதான். மும்முனைக் கரண்டு எந்நேரம் வரும்னு இருக்கற ஊர்ல, ராத்திரி காட்டுக்குப் போக வேண்டியதும் அவங்கதான்னு ஆயிரும். இதுக்கு என் காலண்டர்ல ரூபாய்க் கணக்கு கிடையாது. ஆனா எல்லாத்தையும்விடப் பெரிய செலவு அதுதான்.

இவ்வளவும் நம்ம வீட்டுக் கணக்கு. இதுக்கு வெளியில இன்னொண்ணு இருந்தது. அதை எடுத்துக் காட்டினது வண்டித் தம்பிதான்.

ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. ஒரு நாள் பெட்டி ஏத்திட்டு, போகாம நின்னார். "அண்ணா, நீங்க வண்டி எடுத்தா நான் வருத்தப்பட மாட்டேனுங்க. ஆனா முன்னக்கூட்டியே சொல்லிருங்க. உங்க லோடு இல்லைன்னா இந்த ரூட்டு எனக்குக் கட்டாது. செங்கல் நடைக்குப் போயிருவேன். எனக்கும் மாசம் டியூ இருக்குதுங்க." கோவமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவரும் என்னை மாதிரியே ஒரு காலண்டர் வச்சிருக்கார், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு யோசிச்சேன். அவர் இந்த ரூட்டை விட்டா எனக்கு வண்டி இருக்கும். தெக்குத் தோட்டத்து அண்ணனுக்கு டிராக்டர் இருக்கு. கிழக்கால ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு. 60 சென்ட்ல முருங்கை. போனா ரெண்டு கட்டு, சில நாள் ஒரே கட்டு. அந்த ஒரு கட்டு 40 ரூபாயில மார்க்கெட் போய்ச் சேருதுன்னா, அடியில என்னோட 40 பெட்டி இருக்கறதாலதான். பெரிய லோடுக்காரன் கழண்டுக்கிட்டா அந்த அக்கா முழு வண்டிக்கு 1,100 கொடுக்க முடியுமா? தோட்டத்துக்கு வர்ற ஏவாரி சொன்ன விலைக்குத்தான் போடணும். முருங்கையை எத்தனை நாள் மரத்துல விட்டு வைக்க முடியும்? முத்திப் போகும்.

இது நமக்குப் புதுசில்லீங்க. 1997-ல அரசாங்கம் மினி பஸ் திட்டம் கொண்டாந்துச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துல எங்க ஊருக்கும் ஒண்ணு வந்தது. ஒரு நாளைக்கு நாலு நடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, சந்தைக்குப் போற பாட்டிக எல்லாம் அதுலதான். அப்புறம் ஒவ்வொரு வீடா டி.வி.எஸ். எக்ஸெல் வந்துச்சு, பைக் வந்துச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் அது நியாயமான முடிவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. நாலு நடை ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, ஒரு நாள் நின்னே போச்சு. இப்ப எக்ஸெல் ஓட்டத் தெரியாத பாட்டிக மெயின் ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்குறாங்க. வசதி இருக்கறவன் ஒவ்வொருத்தனா எறங்கினா, கடைசியில எறங்க வழியில்லாதவங்க மட்டும் ரோட்டுல நிப்பாங்க.

அதுக்காக நான் ஒண்ணும் ஊருக்காக உழைக்கிற உத்தமன் இல்லை. கணக்கு வேற மாதிரி வந்திருந்தா, 200 நாள் லோடு இருந்திருந்தா, வண்டி இந்நேரம் வாசல்ல நின்னிருக்கும். ஆனா கணக்கும் வேண்டாங்குது, இதுவும் வேண்டாங்குதுன்னா அப்புறம் என்ன? எனக்கு உண்மையில வேண்டியது வண்டி இல்லை, நேரம். அந்த நேரத்தை வேற வழியில வாங்க முடியுமான்னு பார்த்தேன்.

தம்பியையும் மத்த ஆறு தோட்டத்துக்காரங்களையும் ஒரு ஞாயித்துக்கிழமை சாளைக்கு வரச் சொன்னேன். எதனால தாமதம் ஆகுதுன்னு அவரையே சொல்லச் சொன்னேன். ஏழு தோட்டத்து இட்டேரிக்குள்ளயும் போய், திரும்பி, ஒவ்வொரு இடத்துலயும் சாக்குக் கட்டி முடியற வரைக்கும் நிக்கிறதுலதான் பாதி நேரம் போகுதாம். ரோட்டுல ஓடுறது வெறும் முக்கால் மணி நேரந்தான்.

பேசி ஒரு ஏற்பாடு பண்ணினோம். வண்டி இனிமே இட்டேரிக்குள்ள வராது. அவங்கவங்க காயை அவங்கவங்களே மெயின் ரோட்டுப் புளிய மரத்தடிக்குக் கொண்டு வந்துரணும். என்கிட்ட பவர் டில்லர் டிரெய்லர் இருக்கு. வழியில கிழக்குத் தோட்டத்து அக்கா கட்டையும் தூக்கிப் போட்டுக்கறேன். குறிச்ச நேரத்துக்கு மேல வண்டி கால் மணி நேரந்தான் நிக்கும். தக்காளி நாள்ல நாங்க மூணு பேர் சேர்ந்து குறைஞ்சது 40 பெட்டிக்கு வாடகை உறுதி, காய் குறைஞ்சாலும் கொடுத்துருவோம். அதுக்குப் பதிலா அவர் அந்த நாள்ல வேற நடை ஒத்துக்க மாட்டார். பெட்டி வாடகையை 15-ல இருந்து 17 ஆக்கினோம். போன வருஷத்து 980 பெட்டிக்கு எனக்குக் கூடுதலா ஆகுறது 1,960 ரூபாய். 67,010 எங்க, 1,960 எங்க?

சண்டை இல்லாம முடிஞ்சுதான்னு கேக்காதீங்க. மேக்குத் தோட்டத்துக்காரருக்குப் புளிய மரம் தூரம்னு மனத்தாங்கல், ரெண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசல. அவருக்கும் மூட்டைக்கு 3 ரூபாய் குறைச்சுக் கொடுத்துத்தான் சமாதானம். தை பொறந்ததுல இருந்து 11 தடவை தக்காளி போயிருக்கு. 9 தடவை நேரத்துக்குப் போச்சு. ஒரு தடவை டயர் பஞ்சர், ஒரு தடவை எங்க ஆளுகளே பறிச்சு முடிக்கல. சொந்த வண்டியா இருந்தாலும் பஞ்சர் பஞ்சர்தானே.

உங்களுக்கு நான் வாங்காதீங்கன்னு சொல்ல வரல. பூ விவசாயம் பண்றவங்க, தினமும் கீரை கொண்டு போறவங்க, பால் எடுக்குறவங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல ஒருத்தர் காட்டுலயும் ஒருத்தர் ரோட்டுலயும் இருக்க முடியறவங்க, இவங்களுக்கெல்லாம் பழைய குட்டி யானை தங்கம். காலண்டரை எடுத்து லோடு போற நாளை எண்ணுங்க. நூறுக்குள்ள வந்தா வாடகையே மேல். இருநூறைத் தாண்டினா மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. நடுவுல இருந்தா பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட முதல்ல பேசிப் பாருங்க. போறப்ப இன்ஜின் ஆறியிருக்கான்னு தொட்டுப் பாருங்க, அடியில படுத்துப் பாருங்க, எச்.பி. எடுக்காத வண்டிக்கு அட்வான்ஸ் நீட்டாதீங்க.

அந்தத் தாராபுரத்து வண்டியைப் போன வாரம் முட்டை ஏவாரி ஒருத்தர் 1,85,000-க்கு எடுத்துக்கிட்டாராம், மச்சினன் சொன்னான். தினமும் கடை கடையா முட்டை போடுற ஓட்டம், ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதாம். சேஸிஸ் வெல்டிங் பத்தி மட்டும் அவர் காதுல போட்டு வைன்னு மச்சினன்கிட்ட சொல்லியிருக்கேன். சீட்டுப் பணம் வந்ததும் போர்ல மோட்டாரை இன்னும் ரெண்டு பைப்பு கீழ இறக்கணும். பங்குனிக்குள்ள அதைச் செஞ்சாத்தான் முருங்கை தாக்குப் பிடிக்கும்.